அவளுடைய அப்பாவின் மீன்தொட்டி

சிதம்பரத்திலிருந்து சாமான் ஏற்றிவந்த வண்டியில் பீரோ, கட்டில், தையல் மிஷின் எல்லாம் பின்னால் இருந்தன. மீன்தொட்டி மட்டும் முன்சீட்டில், ஒன்பது வயதுப் பெண்ணின் மடியில் இருந்தது. இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே ஒரு துணி முயலும் மடித்துவைத்த போர்வையும். கடலூர் செம்மண்டலத்தில் என் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, "குடு பாப்பா, நான் எடுத்துக்கறேன்" என்று கையை நீட்டினேன்.

"அம்மா வரட்டும்" என்றாள், என்னைப் பார்க்காமல்.

அவள் அம்மா வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, இருவரும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். நான் இரண்டு கைகளையும் ஏந்தியபடி பின்னாலேயே போனேன். கண்ணாடி எங்கேயும் இடிபடாமல் கூடத்துக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அது யாருடையது என்று அப்போது எனக்குத் தெரியாது. அவள் பிடித்திருந்த விதத்திலேயே ஏதோ புரிந்துவிட்டது.

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. முதுநகரில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து முடிப்பதற்குள் என் வயது போய்விட்டது என்று நானே தீர்மானித்துக்கொண்டு, தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக் கொண்டிருந்தவன். என் மனைவி சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தார். அவருடைய முதல் கணவர் கொரோனா இரண்டாவது அலையில் இறந்துவிட்டார். தெரிந்தவர்கள் மூலமாகப் பேச்சு வந்து, ஒரு வருஷம் யோசித்து, ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டோம். கடலூரிலேயே அவருக்கு வேலை கிடைத்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மாவும் மகளும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அந்தப் பெண் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. "கேன் தண்ணி தீந்துடுச்சு", "வெளியில யாரோ வந்திருக்காங்க" என்று பொதுவாகச் சொல்வாள். சொன்னது எனக்குத்தான் என்று நானாகப் புரிந்துகொள்ள வேண்டும். மரியாதைக் குறைவு கிடையாது. போட்டதைச் சாப்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். விருந்தாளி வீட்டில் இருப்பதுபோல, எதையும் தொட்டால் எடுத்த இடத்திலேயே வைத்தாள். அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தொட்டியைப் பற்றி மனைவியிடம் கேட்டேன்.

"அது அவுங்கப்பாவோடது" என்றார். "கப்பி, மோலின்னு குட்டி போடுற மீனுங்களா வளப்பாரு. நாங்க ரெண்டு பேரும் அட்மிட் ஆனப்ப இவள எங்கக்கா வீட்டுல விட்டிருந்தோம். நான் மட்டும்தான் திரும்பி வந்தேன். வீட்ட தொறந்து பாத்தா தொட்டி பூரா பச்சையா கெடந்துச்சு. மீன் ஒண்ணுகூட இல்ல. கழுவி கவுத்து வெச்சேன். நாலு வருஷமா அப்படியேதான் இருக்குது. தூக்கிப் போட விடமாட்டேங்கறா."

ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள்.

"அதுல மீன் விடலாமா?"

அந்த வீட்டுக்கு வந்து அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. "விடலாமே பாப்பா" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. நான் பொதுவாகவே பயந்த சுபாவம். கேஸ் மூடியிருக்கிறதா என்று தெருமுனை வரை போனவன் திரும்பி வந்து பார்ப்பேன். கடையில் சீட்டைப் படித்து மருந்தை எடுத்து, மறுபடியும் சீட்டைப் படித்த பிறகுதான் கொடுப்பேன். வாழ்நாளில் ஒரு மீன்கூட வளர்த்ததில்லை. இப்போது, இறந்துபோன ஒரு மனிதரின் தொட்டியில், அவருடைய மகளின் கண் முன்னால் வளர்க்கப் போகிறேன். ஒன்று செத்தாலும் அது என் கையில் செத்ததாகத்தானே இருக்கும்?

முதலில் தொட்டியே ஒழுகியது. மொட்டை மாடியில் வைத்துத் தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன். அடி மூலையிலிருந்து பொட்டுப் பொட்டாகக் கசிந்தது. நாலு வருஷம் காய்ந்து கிடந்ததில் ஓரத்துச் சிலிக்கான் விட்டுப்போயிருந்தது. பழையதைப் பிளேடால் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். பிளேடைக் கையில் எடுத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவளிடம் கேட்காமல் சுரண்டக் கூடாது என்று தோன்றியது. கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

"உடையாதுல்ல?"

"உடையாது பாப்பா. மெதுவா பண்றேன்."

கூடவே உட்கார்ந்து பார்த்தாள். கண்ணாடியின் ஒரு மூலையில் பாதி கிழிந்த பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. அதன் பக்கமே பிளேடு போகாமல் பார்த்துக்கொண்டேன்.

சிலிக்கான் காய ஒரு வாரம். அதன் பிறகு தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகக் கறை படியவைக்கும் தண்ணீர். அது ஆகுமோ ஆகாதோ என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். குட்டி போடும் மீன்களுக்குக் கொஞ்சம் உப்புச் சத்துள்ள கடினத் தண்ணீர்தான் பிடிக்கும் என்று வீடியோக்களில் சொன்னார்கள். ஒரு வீடியோவை நம்பாமல் பத்து வீடியோ பார்த்தேன். புதுத் தொட்டியில் உடனே மீன் விடக் கூடாது, ஃபில்டரை ஓடவிட்டு மூன்று நான்கு வாரம் பழகவிட வேண்டும் என்று எல்லோருமே சொன்னார்கள். மீனின் கழிவைத் தின்னும் நுண்ணுயிர் முதலில் வளர வேண்டுமாம். அதற்குத் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியை வெறும் தண்ணீரில் போட்டு அழுகவிட வேண்டும்.

"மீனே இல்லாத தொட்டிக்கு எதுக்கு சாப்பாடு போடுறீங்க?" என்று கேட்டாள்.

விளக்கினேன். நம்பியதாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் காலித் தொட்டியைப் பார்த்துவிட்டுப் போனாள். நாலு வாரம் முடிந்தது. இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்றேன். ஐந்தாவது வாரம் முடிந்ததும், தண்ணீர் லேசாகக் கலங்கியிருக்கிறதோ என்றேன்.

"நீங்க பயந்துக்கிட்டே இருந்தா மீன் வந்து சேராது" என்றார் மனைவி. "வர்ற ஞாயித்துக்கெழம எனக்கு டூட்டி. ரெண்டு பேரும் போய் வாங்கிட்டு வந்துடுங்க."

மீன் கடை கடலூரிலேயே இருக்கிறது. ஆனால் அவள், "அப்பா வாங்குற கடையிலதான் வாங்கணும்" என்றாள். அது சிதம்பரத்தில், கீழ வீதிக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் இருந்தது. நாங்கள் இருவர் மட்டும் சேர்ந்து வெளியே போனது அதுதான் முதல் முறை. பஸ்சில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். ஏறும்போதே கண்டக்டர், "புள்ளைய மடியில வெச்சுக்க வேணாம் சார், சீட்டு காலியாத்தான் இருக்குது" என்றபோது, எப்படியும் அவள் என் மடியில் உட்கார மாட்டாள் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

கடையை நடத்துவது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. சுவர் முழுக்கத் தொட்டிகள். நாங்கள் உள்ளே நுழைந்ததும் அவர் என்னை விட்டுவிட்டு அவளையே உற்றுப் பார்த்தார்.

"நீ அந்த ஸ்கூட்டர்ல வருவாரே, அவரு பொண்ணுல்ல? எவ்ளோ வளந்துட்ட! அப்பா எங்க, ஆளையே காணோம்?"

நான் சொல்ல வேண்டுமா, எப்படிச் சொல்ல வேண்டும் என்று தடுமாறுவதற்குள் அவளே சொன்னாள்.

"அப்பா செத்துட்டாரு. கொரோனாவுல. இவரு எங்கம்மாவ கல்யாணம் பண்ணியிருக்காரு."

கேட்ட விலாசத்துக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாள். கடைக்கார அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார்.

"அவரு ரெண்டு மூணு தடவ கப்பிக் குட்டிங்கள பாட்டில்ல போட்டு எடுத்தாந்து குடுத்திருக்காரு" என்று ஒரு தொட்டியைக் காட்டினார். "வீட்டுல ஜாஸ்தியாயிடுச்சு, வெச்சுக்கங்கம்மான்னு. அதுங்க போட்ட குட்டி, அந்தக் குட்டி போட்ட குட்டின்னு இன்னும் இதுலதான் ஓடுது."

அவள் எழுந்துபோய் அந்தக் கண்ணாடியில் மூக்கு படும்படி நின்றாள். ஆண் கப்பிகளுக்கு நீல வால், பெண்கள் சாம்பல் நிறத்தில் வயிறு பெருத்து இருந்தன. நாலு வருஷத்தில் எத்தனை மீன் வந்து போயிருக்கும், எத்தனை கலந்திருக்கும்? அந்த அம்மா உண்மையைத்தான் சொல்கிறாரா, குழந்தைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொல்கிறாரா? தனியே கூப்பிட்டுக் கேட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். கேட்கவில்லை.

"இதுலேருந்துதான் வேணும்" என்றாள் அவள்.

அதோடு என் பயம் இரட்டிப்பானது. வெறும் மீன் என்றால் செத்தால் வேறு வாங்கலாம். இவற்றுக்குப் பதில் எதை வாங்குவது?

கடைக்கார அம்மா நிதானமாக எடுத்துக் கொடுத்தார். ஒரு ஆணுக்கு மூன்று பெண் இருக்க வேண்டும், ஆண் கூடிப்போனால் பெண்ணை விடாமல் துரத்தி ஓட ஓட வைத்தே சாகடித்துவிடும் என்றார். அந்தக் கணக்கில் கப்பி நாலு. ஆரஞ்சு நிறத்தில் பிளாட்டி மூன்று. கறுப்பு மோலி இரண்டு. மொத்தம் ஒன்பது. "இதுக்கு மேல இப்போதைக்கு விடாதீங்க சார். அதுங்களே பெருகிக்கும். செடி மட்டும் அடர்த்தியா போடுங்க, குட்டி ஒளிஞ்சிக்க எடம் வேணும். இல்லன்னா பெத்ததே தின்னுடும்." அந்தக் கடைசி வார்த்தைக்கு அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தேன். மாறவில்லை. அவளுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

திரும்பும் வழியில் ஆலப்பாக்கத்துக்கு முன்னால் சாலை வேலை. பஸ் நின்றது நின்றதுதான். எங்கள் பக்கம் நல்ல வெயில். மீன் பைகள் அவள் மடியில். நான் செய்தித்தாளை விரித்து நிழல் பிடித்தேன். தண்ணீர் சூடாகியிருக்குமோ, காற்று தீர்ந்திருக்குமோ என்று ஒவ்வொரு நிமிஷமும் குனிந்து, "அசையுதா?" என்று கேட்டேன்.

"அசையுது."

"இப்ப?"

"அசையுது." அப்புறம் நிமிர்ந்து, "கேட்டுக்கிட்டே இருக்காதீங்க. எனக்கும் பயமா இருக்குது" என்றாள்.

வாயை மூடிக்கொண்டேன். எதிர்ப்பக்க சீட்டிலிருந்த ஒரு பெண்மணி எங்கள் பாட்டைப் பார்த்துவிட்டு, நிழல் விழும் தன் இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். வீடு வந்து சேர்ந்தபோது ஒன்பதும் உயிரோடு இருந்தன. பைகளைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரை உள்ளே ஊற்றி, பிறகு வலையால் எடுத்து விட்டோம். நீல வால் கப்பி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஃபில்டருக்குக் கீழே போய் நின்றது. அவள் சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை.

நாலாவது நாள் காலை, நான் பால் காய்ச்சப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். ஒரு பெண் கப்பி ஃபில்டரின் வாயில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. துடுப்பெல்லாம் சுருங்கியிருந்தது. அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. எனக்கு யோசிக்கவே தோன்றவில்லை. டீ வடிகட்டியால் அதை எடுத்துப் பேப்பரில் சுற்றிக் குப்பைக்கூடையில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் குப்பை வண்டி வந்தது. கூடையைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து கையைக் கழுவினேன்.

அவள் ஷூ மாட்டிக்கொண்டே எண்ணினாள். "எட்டுதான் இருக்குது."

"கல்லுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும் பாப்பா" என்றேன்.

சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்தபோது அவள் கூடத்தில் நின்றிருந்தாள். சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. தொட்டியின் கற்கள் எல்லாம் இடம் மாறியிருந்தன.

"கல்லுக்குப் பின்னால இல்ல. செடிக்குள்ள இல்ல. ஃபில்டர கழட்டிப் பாத்துட்டேன், அதுலயும் இல்ல."

நான் பையைக் கீழே வைத்தேன்.

"செத்துடுச்சா?"

"ஆமா."

"எப்ப?"

"காலையில."

"எங்க போட்டீங்க?"

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு இருந்தது. தென்னை மரத்தடியில் புதைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் போய்த் தோண்டிப் பார்ப்பாள் என்று தோன்றியது. "குப்பையில" என்றேன். "வண்டியில போயிடுச்சு."

அவள் அழவில்லை. "அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்பகூட எல்லாரும் இப்படித்தான் சொன்னாங்க. நல்லாயிடும், வந்துடுவாருன்னு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மனைவி டூட்டி முடிந்து வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் யூனிபார்மைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உங்க மேல கோவம் இல்லங்க அவளுக்கு. அவுங்கப்பாவ அவளுக்குக் காட்டவே இல்ல. அப்படியே சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. எனக்கே முகத்த மட்டும்தான் தூரத்துலேருந்து காமிச்சாங்க. அவகிட்ட பத்து நாள் கழிச்சுத்தான் சொன்னோம். அதுவரைக்கும் தெனம் போன்ல 'அப்பா தூங்கறாரு'ன்னே சொல்லிக்கிட்டிருந்தேன்."

இதை அவர் அதுவரை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால் அவர் மனசு நோகும் என்று ஒதுங்கியே இருந்தேன். எல்லோரும் எல்லோரையும் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அந்தக் குழந்தையைத் தனியாக விட்டிருக்கிறோம்.

மறுநாள் அவள் பள்ளிக்குக் கிளம்பும் முன் அவள் எதிரே கீழே உட்கார்ந்தேன். "நான் செஞ்சது தப்பு பாப்பா. பயந்துட்டேன். இனிமே எது நடந்தாலும் முதல்ல உங்கிட்டதான் சொல்லுவேன்."

அவள் ஷூ லேசை இழுத்து முடிச்சுப் போட்டாள். "செத்தா என்னைய எழுப்பணும்."

"எழுப்பறேன்."

"காய்ச்சலா இருந்தாலும் எழுப்பணும்."

"சரி."

வாக்குக் கொடுத்துவிட்டேனே தவிர, அதன் பிறகு ஒவ்வொரு காலையும் எனக்குச் சோதனையாகிவிட்டது. விளக்கைப் போடுவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பேன். செப்டம்பர் கடைசியில் ஒரு பிளாட்டி போயிற்று. முதல் நாளே ஒருபக்கமாகச் சாய்ந்து நீந்தியது. தனியாக எடுத்து உப்புத் தண்ணீரில் விட்டுப் பார்த்தோம். விடிந்தபோது அடியில் கிடந்தது. அறைக்குப் போய் அவள் தோளைத் தொட்டேன். "பாப்பா, பிளாட்டி செத்துடுச்சும்மா." உடனே எழுந்து உட்கார்ந்தாள். "ஸ்கூலுக்குப் போற புள்ளைய இதுக்குப் போய் எழுப்புவாங்களா?" என்றார் மனைவி, பாதித் தூக்கத்தில். அவள் அம்மாவுக்குப் பதில் சொல்லாமல் என்னோடு வந்தாள். மீனை உள்ளங்கையில் வைத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். செம்பருத்திச் செடியடியில் குழி தோண்டியது நான், மூடியது அவள். முகம் கழுவிக்கொண்டு இட்லி சாப்பிடப் போய்விட்டாள். எனக்குத்தான் அன்று கடையில் ஒவ்வொரு சீட்டையும் மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது.

கார்த்திகையில் புயல் வந்தது. கடலூர்க்காரர்களுக்குப் புயல் புதிது இல்லை. மெழுகுவத்தி, பால் பவுடர், பிரெட் என்று வாங்கி வைத்தேன். ஆஸ்பத்திரியில் அவசரம் என்று மனைவி முதல் நாளே டூட்டிக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். வீட்டில் நானும் அவளும். காலையில் காற்று பிடித்தது, தெருக்கோடியில் வேப்ப மரம் ஒயரோடு விழுந்தது, கரண்ட் போனது. இன்வெர்ட்டர் அன்று முழுக்கத் தாங்கியது. மறுநாள் விடிந்தபோது அதுவும் தீர்ந்து, ஃபில்டர் நின்றிருந்தது.

மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. ஏழு மீனும் ஒரே மூலையில். தண்ணீரில் காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தது. பாதித் தண்ணீரை மாற்றலாம் என்றால் மோட்டார் ஓடாது, பக்கெட்டில் பிடித்துவைத்தது குடிக்கவும் கழுவவுமே போதாது. நான் ஒரு டம்ளரை எடுத்துத் தொட்டித் தண்ணீரையே மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். நுரை வந்தது. மறுபடி மொண்டு ஊற்றினேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சாவுமா?"

இந்தக் கேள்விக்குத்தான் ஆகஸ்டிலிருந்து பயந்துகொண்டிருந்தேன். வாய் தானாக, 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்லப் போனது.

"தெரியல பாப்பா" என்றேன். "சாவலாம். இப்படி ஊத்திக்கிட்டே இருந்தா பொழைக்கவும் பொழைக்கலாம்."

"சரி" என்று டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீங்க போய் டீ போட்டுக்கங்க. நூறு தடவ நான் ஊத்தறேன். அப்புறம் நீங்க."

அந்தப் பகல் முழுக்க முறை வைத்து ஊற்றினோம். வெளியே மழை ஜன்னலில் அறைந்துகொண்டிருந்தது. அவள் அம்மாவின் போன் கிடைக்கவில்லை. பாதுகாப்பாகத்தான் இருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம், "போன் போகல, டவர் இல்ல போல" என்று உள்ளதை மட்டும் சொன்னேன். அவள் போனை வாங்கித் தானும் ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மதியத்துக்கு மேல், ஊற்றிக்கொண்டே இருந்தவள் திடீரென்று சிரித்தாள்.

"அப்பா ட்யூப்ல வாய வெச்சு உறிஞ்சிதான் தண்ணி எடுப்பாரு. ஒரு தடவ மீன் தண்ணி வாய் நெறைய போயிடுச்சு. அப்படியே அம்மா புடவ மேல துப்பிட்டாரு. அம்மா அன்னிக்கு எங்க ரெண்டு பேருக்கும் சோறு போடல."

"அப்புறம்?"

"பரோட்டா வாங்கியாந்தாரு. அம்மாவும் தின்னாங்க."

அவள் தன் அப்பாவைப் பற்றி என்னிடம் கதையாகச் சொன்னது அன்றுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏதாவது சொல்லி அதைக் கெடுத்துவிடுவேனோ என்று பயந்து, "ட்யூப் எவ்ளோ நீளம்?" என்று கேட்டுவைத்தேன். அவள் கையை விரித்துக் காட்டினாள். அப்புறம் வேறு கதைகள் வந்தன. மீன் விற்கிற வண்டிக்காரரிடம் அவர் ஏமாந்தது, தொட்டிக்கு விளக்கு மாட்டப் போய் வீட்டு ஃபியூசைப் போக்கியது. என்னைப் போல எதற்கெடுத்தாலும் பயப்படுகிற மனிதர் இல்லை போலிருக்கிறது. அவருடைய தைரியத்தில் கொஞ்சம் எனக்கும் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு என் முறை வந்ததும் டம்ளரை வாங்கினேன்.

சாயங்காலம் மனைவி மழைக்கோட்டோடு வந்து சேர்ந்தார். எங்களைப் பார்த்ததும், "என்ன, சாப்ட்டீங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டார். சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு நினைவு வந்தது. அவர் தலையைத் துவட்டிக்கொண்டு, பிரெட்டில் ஜாம் தடவி எங்கள் இருவர் வாயிலும் ஊட்டிவிட்டு, தானும் ஒரு முறை எடுத்துக்கொண்டு ஊற்றினார். கரண்ட் அடுத்த நாள் பகலில் வந்தது. அதற்குள் ஒரு மோலி செத்திருந்தது. அதை முதலில் பார்த்தது அவள்தான். வந்து என்னைக் கூப்பிட்டாள். மண் சேறாக இருந்ததால் தோண்டுவது சுலபமாக இருந்தது. மற்ற ஆறும் பிழைத்தன.

அதற்குப் பத்து நாள் கழித்து, தொட்டி மேல் குனிந்து தீனி போட்டுக்கொண்டிருந்தபோது செடிக்குள் தூசு மாதிரி ஏதோ அசைந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். தூசுக்கு இரண்டு கண் இருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. "பாப்பா! இங்க வா, சீக்கிரம்!" என்று கத்தினேன்.

அவள் சாவகாசமாக வந்தாள். "அதுவா. கப்பிக் குட்டி. வெள்ளிக்கெழமையே போட்டுடுச்சு."

"ஏன் பாப்பா சொல்லல?"

"நெறையத்த பெருசுங்க தின்னுடுச்சு. நீங்க பாத்தா ரொம்ப பயப்படுவீங்க. மிச்சம் எவ்ளோ நிக்குதுன்னு பாத்துட்டு சொல்லலாம்னு இருந்தேன்."

நான் அவளிடம் சொன்ன பொய்க்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்தேன். என்னால் கோபப்பட முடியவில்லை. எனக்காக ஒருவர் பயந்து மூடி மறைத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "இனிமே என்னையும் எழுப்பு" என்று மட்டும் சொன்னேன்.

மிச்சம் பதினொன்று இருந்தன. டீ வடிகட்டியால் ஒவ்வொன்றாகப் பிடித்து, தொட்டித் தண்ணீர் நிரப்பிய நீலப் பக்கெட்டில் விட்டு, ஒரு கொத்துச் செடியையும் போட்டுக் குளியலறைக்கு வெளியே வைத்தோம். அரை மணிக்கு ஒருதரம் நான் போய் எண்ணுவேன். சில நேரம் ஒன்பதுதான் வரும். அவளைக் கூப்பிடுவேன். அவள் வந்து எண்ணினால் பதினொன்று வரும். "உங்களுக்கு எண்ணத் தெரியல" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி ஊறவைத்த துணிக் குவியலோடு வந்து அந்தப் பக்கெட்டின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். "யாரு இதுல அழுக்குத் தண்ணியப் புடிச்சு வெச்சிருக்கறது? ஊத்திட்டு நான் துணி அலசப் போறேன்."

கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவளும், அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த நானும் ஒரே நேரத்தில், "அய்யோ, வேணாம்!" என்று கத்திக்கொண்டு ஓடினோம். கத்தி என் கையிலேயே இருந்தது. அவர் பக்கெட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் மண்டியிட்டுக் குனிந்து எண்ண ஆரம்பித்துவிட்டாள். நானும் பக்கத்தில் குனிந்தேன்.

"பேசாதீங்க, கணக்கு மாறிடும்" என்றாள்.

பதினொன்றும் இருந்தன.

"அப்ப துணிய எதுல அலசறது?" என்றார் மனைவி.

"கடைக்குப் போய் வேற பக்கெட் வாங்கியாரேன்" என்று நான் சட்டையை மாட்டினேன்.

"நானும் வரேன்" என்று அவள் செருப்பைத் தேடினாள்.

வெயில் இருந்தது. அவள் என் நிழலிலேயே நடந்து வந்தாள். தெருமுனைக்குப் போனதும் பக்கெட்டை மூடாமல் வந்துவிட்டோமே, காக்கா கொத்திவிடுமே என்று எனக்குத் தோன்றியது. நின்று அவளைப் பார்த்தேன்.

"மூடிட்டுத்தான் வந்தேன்" என்றாள். "நடங்க."

நடந்தேன்.